எண்ணெய் கேனும் இஞ்ச் டேப்பும்

ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், சின்னப் பெண்களுக்குப் பாவாடை சட்டை. இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழில். பெண்களின் உடம்பு எப்படி மாறுகிறது என்பதை டாக்டர்களுக்கு அடுத்தபடியாகக் கவனிப்பது தையல்காரிகள்தான் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு 32 அளவில் ரவிக்கை தைத்துக்கொண்டு போன பெண், இரண்டு பிள்ளை பிறந்த பிறகு 38, 40 என்று வந்து நிற்பாள். உள்ளே விட்ட துணியைப் பிரித்து விடுவோம். பிரிக்கத் துணி இல்லாவிட்டால் புது ரவிக்கைதான். என் உடம்பும் அந்த வழியில்தான் போனது. 43 வயதில் 154 செ.மீ. உயரத்துக்கு 78 கிலோ, இடுப்பு 39 அங்குலம்.

இப்போது 66 கிலோ, 34 அங்குலம். ஒன்றரை வருஷம் போல ஆனது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன டயட்க்கா?" என்று கேட்கிறார்கள். எனக்கென்று தனி டயட் எதுவும் கிடையாது. வீட்டில் உலையில் போடும் அரிசியும் மாதா மாதம் வாங்கும் எண்ணெயும் மாறின. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் ஒருத்தி மட்டும் தனித் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது, அதுவும் சமைக்கிறவளே அவள்தான் என்றால். அதனால் இந்த அனுபவத்தில் பெரும்பகுதி சமையலறையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

முட்டி வலிக்காகத்தான் டாக்டரிடம் போனேன். அவர் முட்டியைப் பார்த்ததோடு ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 114, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2, ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு. ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். கூடவே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொன்னார். இரும்புச் சத்துக் குறைவால் ரத்த சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். எனக்கு 10.4 இருந்தது, இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. குண்டாக இருந்தாலே தைராய்டு என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

என் அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து கட்டு மாற்றும்போது காலைப் பிடித்துக்கொண்டவள் நான். அதனால் 6.2 என்ற எண் என்னை ஆட்டிவிட்டது. முட்டி வலியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டாக்டர் அடுத்து எடுத்தது இஞ்ச் டேப். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குப் பெண் என்றால் இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ., ஆண் என்றால் 90 செ.மீ. வரைதான் இருக்கலாம் என்றார். அங்குலத்தில் 31 அரை, 35 அரை. வெள்ளைக்காரர்களுக்கு இந்த வரம்பு இன்னும் அதிகம். அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்பு அதிகம் சேர்வதால் சர்க்கரை சீக்கிரம் வருகிறது. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்த ஆண்கள் "எனக்கென்ன, 70 கிலோதானே" என்று இருப்பது சரியில்லை. அளவெடுக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பாவாடை நாடா கட்டும் இடத்தில் எடுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின், டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும்.

சரி, சமையலறைக்கு வருகிறேன்.

வீட்டில் அத்தை, என் வீட்டுக்காரர், நான், நர்சிங் படிக்கும் மகள், பிளஸ் டூ படிக்கும் மகன் என்று ஐந்து பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் இது சாதாரணம், அதிகமாக வாங்கும் வீடுகளும் உண்டு. மகள் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். 5 லிட்டரை ஐந்து பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கு போட்டால் ஆளுக்குத் தினம் 33 மில்லி. ஒரு மில்லிக்கு 8 கலோரிக்கு மேல் வருகிறது, அப்படியென்றால் எண்ணெயிலேயே 270 கலோரி. நெய், தேங்காய், வெளியே தின்னும் வடை எல்லாம் தனி. அந்த மாதத்திலிருந்து 3 லிட்டர்தான் வாங்குகிறோம். அதற்கு மேல் வாங்குவதில்லை என்பதுதான் ஒரே விதி. ஸ்பூனால் அளந்து ஊற்றுவதெல்லாம் காலை ஏழு மணிக்கு நான்கு டிபன் பாக்ஸ் கட்டும் வீட்டில் நடக்கிற காரியமில்லை. கேன் சின்னதானதும் கை தானாகவே குறைந்தது. பொரியலுக்கு முதலில் ஆவியில் வேகவைத்து, கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டுகிறேன். இரும்பு தோசைக்கல்லை நன்றாகப் பழக்கிவிட்டால் தோசையைச் சுற்றி எண்ணெய் விடவே வேண்டாம்.

மதியச் சோற்றுக்கு முக்கால் கிலோ அரிசி போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அரைக் கிலோ. ஆளுக்கு 150 கிராம் 100 ஆனது, அதாவது 525 கலோரி 350 ஆனது. யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அரைக் கிலோவாக இருந்த காய் ஒன்றரைக் கிலோ ஆனது. புடலங்காய், பூசணி, முட்டைக்கோஸ், சௌசௌ, அந்தந்த நாளில் காந்தி மார்க்கெட்டில் எது மலிவோ அது. கீரை வாரத்தில் மூன்று நாள். காயைத் தொட்டுக்கொள்ளத் துளி வைப்பது என்று பார்க்காமல், தட்டில் முதலில் காயைப் போட்டுப் பாதியை நிரப்பிவிட்டு அப்புறம் சோற்றைப் போடுவது. இந்த வரிசை மாறியதுதான் என் வீட்டில் நடந்த பெரிய மாற்றம்.

அடுத்தது ராத்திரி டிபன். எடையைக் குறைக்க நினைக்கும் முக்கால்வாசிப் பேர் "ராத்திரி சோறு சாப்பிடுவதில்லை, ரெண்டு மூணு தோசைதான்" என்கிறார்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த மாவு அது. தோசையும் அரிசிதான், கூட எண்ணெயும் சேர்கிறது. சப்பாத்திக்கும் இதே கதைதான். நூறு கிராம் கோதுமை மாவும் நூறு கிராம் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றே, சிறுதானியமும் அதே அளவில்தான் நிற்கிறது. அவற்றில் நார்ச்சத்து கூடுதல், மென்று மெதுவாகச் சாப்பிடுகிறோம், அந்த மட்டில் நல்லது. ஆனால் தினைப் பொங்கலில் அரைக் கிண்ணம் நெய்யை ஊற்றிவிட்டு எடை குறையவில்லை என்றால் எப்படிக் குறையும்? எங்கள் வீட்டில் ராத்திரிக்கு இப்போது பாசிப்பயறு தோசை, பருப்பு பாதி அரிசி பாதி போட்ட அடை, சில நாள் இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டல். எட்டு மணிக்குள் எல்லாரும் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

பயறுக்கு நான் இவ்வளவு இடம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. நம் சாப்பாட்டில் புரதம் மிகக் குறைவு. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நினைத்தால், ஒரு கரண்டிச் சாம்பாரில் இருப்பது ஒரு பிடிக்கும் குறைவான பருப்பு, அதில் மூன்று கிராம் புரதம் தேறினால் அதிகம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு கிலோ எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் என்று சொல்கிறது. 55 கிலோ பெண்ணுக்குக்கூட 45 கிராம் தாண்டி வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம், நூறு கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் போல. காலையில் இரண்டு முட்டை சாப்பிட ஆரம்பித்த பிறகு பதினொரு மணிக்கு வரும் பசி நின்றது. முட்டை தொடாதவர்கள் முளைகட்டிய பயறு, தயிர், பனீர், சோயா என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அரிசியைக் குறைத்ததில் அத்தைக்குத்தான் கவலை. "ஏம்மா, திடீர்னு யாராவது வந்து நின்னா சோறு பத்தலைன்னா சொல்றது?" என்றார். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் எங்கள் வீட்டுக்கு யார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவல் ஒரு கிலோ எப்போதும் டப்பாவில் இருக்கும், பத்து நிமிஷத்தில் உப்புமா கிண்டிவிடலாம் என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். அப்புறம் அவரே என் பக்கம் வந்துவிட்டார். கொள்ளு ரசம், தட்டைப்பயறு குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல் என்று சின்ன வயதில் சாப்பிட்டதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். அவருக்கு பிரஷர் உண்டு. அப்பளமும் ஊறுகாயும் தினசரியிலிருந்து நாள் கிழமைக்கு மட்டும் என்று ஆனதில் அவருக்கும் பலன் கிடைத்தது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன்தான் அது.

பெண்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறோம். பாத்திரத்தில் மிஞ்சியதை வீணாக்க மனசு வராது, பிள்ளை தட்டில் வைத்ததையும் நாமே சாப்பிடுகிறோம். இதற்குக் கணக்கே கிடையாது. வருஷக்கணக்கில் இப்படிச் சாப்பிட்டு உடம்பு ஏறிய அம்மாக்களைப் பார்த்து "வாயைக் கட்டு" என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். இப்போது நான் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். மிஞ்சினால் பிரிட்ஜ், மறுநாள் காலை அதற்குத் தகுந்த ஏற்பாடு. மகன் ஒல்லி, வளரும் பிள்ளை. அவனுக்கு மட்டும் வேர்க்கடலை, கூட ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். மற்றபடி எல்லாருக்கும் ஒரே சமையல்தான்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் தையல்காரிக்கு ராத்திரி பகல் கிடையாது. ரவிக்கை மலை போலக் குவிந்து கிடக்கும், தூக்கம் நாலு மணி நேரம். தூக்கத்தை விரட்ட ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதிலேயே 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். டீயை விடவில்லை, சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று இறக்கினேன். ஒவ்வொரு படியிலும் நாக்குப் பழக இரண்டு மூன்று வாரம் பிடித்தது. இப்போது கல்யாண வீட்டு டீ வாயில் வைக்க முடியாத இனிப்பாகத் தெரிகிறது. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மாறுவதால் பயன் பெரிதாக இல்லை, ரத்தத்தில் ஏறும் சர்க்கரை ஒன்றுதான். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி அடங்காது என்பதை அந்த மாதங்களில் கண்கூடாகப் பார்த்தேன். அதனால் ஆர்டர் எடுப்பதை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறேன். வருமானத்தில் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

எண்ணெய், அரிசி, டீ மூன்றிலும் சேர்த்து எனக்குத் தினம் நானூறு கலோரிக்கு மேல் குறைந்தது. காகிதத்தில் போட்டால் மாதம் ஒன்றரைக் கிலோ இறங்க வேண்டும். நிஜத்தில் இறங்கியது மாதம் முக்கால் கிலோகூட இல்லை. எடை குறையக் குறைய உடம்புக்குத் தேவையும் குறைகிறது, நடுவில் விசேஷங்களும் வருகின்றன. இது தெரிந்தால் மனசு விட்டுப்போகாது.

நடையைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு மெஷினைக் காலால் மிதித்துத் தைத்தோம். மோட்டார் மாட்டிய பிறகு அந்த அசைவும் போய்விட்டது. வேலை வேகமாக முடிகிறது, மோட்டாரைக் கழற்ற முடியாது. அதற்குப் பதிலாக ஒரு ரவிக்கை முடிந்ததும் எழுந்து வாசல் வரை போய்வருவது என்று வைத்துக்கொண்டேன். காலையில் கோலம் போட்ட கையோடு உத்தர வீதியைச் சுற்றி அரை மணி நேரம் நடை. அந்த நேரத்தில் வண்டி குறைவு, வெயிலும் இல்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து நிமிஷம். இந்தச் சின்ன நடைதான் சர்க்கரைக்கு மருந்து மாதிரி வேலை செய்தது. சாப்பிட்ட உடனே தசைகள் அசைந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை இழுத்துக்கொள்கின்றன.

மகள் படித்துச் சொன்ன ஒரு ஆராய்ச்சி எனக்குப் பெரிய தெம்பு கொடுத்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்டது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் போலக் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினம் அரை மணி நேர நடை, சாப்பாட்டில் மாற்றம் என்று இருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, இருந்தும் இந்தப் பலன். எடை மெஷின் அசையாத மாதங்களில் இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்ட மாதங்கள் வந்தே தீரும். முதல் இரண்டு வாரத்தில் சரசரவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது செலவாகும்போது தண்ணீரும் போய்விடும். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டுவதும் இதனால்தான், அது கொழுப்பு இல்லை. 71 கிலோவில் எனக்கு மாதக்கணக்கில் முள் நகரவில்லை. ஆனால் என் ரவிக்கைகளை அதற்குள் இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது. வாரம் ஒரு நாள் காலையில் எடை, மாதம் ஒரு நாள் டேப் அளவு, இரண்டையும் ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். தினமும் மெஷினில் ஏறி இறங்கினால் நிம்மதிதான் போகும்.

முட்டிக்காகப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளை இன்னும் விடவில்லை. கையால் பிடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் கேனைத் தூக்கி இறக்குவது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். நாற்பதுக்கு மேல் பெண்களுக்கு அது தானாகவே குறைகிற வயது, நடை மட்டும் அதைக் காப்பாற்றாது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும் என்றார் அவர். 12 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

நடுவில் பவுடர் விற்க வந்தவர்கள் நிறையப் பேர். மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, சாப்பாட்டுக்குப் பதில் கலக்கிக் குடிக்க வேண்டும். குடிக்கும் வரை எடை குறையும், நிறுத்தினால் பழைய சமையலறை அப்படியே காத்திருக்கும். அந்தக் காசுக்கு வீட்டில் எல்லாருக்கும் முட்டையும் பயறும் பழமும் வரும். இப்போது எடை குறைக்கும் ஊசி பற்றிக் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று இந்தியாவுக்கு வந்துவிட்டன. உடல் பருமனால் நிஜமாகவே அவதிப்படுகிறவர்களுக்கு அவை பெரிய உதவி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்து அது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பவும் ஏறும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.6, ட்ரைகிளிசரைடு 142, ஹீமோகுளோபின் 12.3. ஈரல் கொழுப்பு குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இடுப்பு இன்னும் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும்.

ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நான் செய்ததைப் பார்த்துத் திடீரென்று சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்து அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லி, மருந்தைச் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். இதுவரை பார்த்ததே இல்லை என்பவர்கள் பக்கத்தில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பிரஷரும் சர்க்கரையும் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள், வாசலில் வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பதென்றால் முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், காலைக் காபியை ரத்தம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.